நவராத்திரி எழுந்தருளலைப் படமெடுக்க: பத்மநாபபுரம் முதல் கிழக்கேகோட்டை வரை

நவராத்திரிக்கு முன்பாகக் குமரி மாவட்டத்துச் சாமிகள் மூன்று பேர் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி யானைமேல் வருவாள். வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் வருவார்கள். நங்கை மட்டும் ஒரு நாள் முன்பே சுசீந்திரத்திலிருந்து கிளம்பிவிடுவாள். மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையில் திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள் கைமாறியதும் மூவருக்கும் புறப்பாடு. முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோவிலிலும், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலிலும் தங்கி, மூன்றாம் நாள் மாலை நகரத்துக்குள் நுழைவார்கள்.

படமெடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஊர்வலத்தோடு சேர்ந்து ஓடியே களைத்துப்போகிறார்கள். ஓடுகிறவருக்குக் கிடைப்பது முதுகுகளும் செல்போன் பிடித்த கைகளும்தான். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். யானை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே போய் நின்றுவிட வேண்டும்.

இடத்தைத் தேர்வது வெயிலை வைத்து. பத்மநாபபுரத்தை ஒட்டிய தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் வரை சாலை ஏறக்குறைய வடமேற்காகப் போகிறது. காலையில் வெயில் ஊர்வலத்தின் பின்னாலிருந்து வரும். முன்னால் நின்று எடுத்தால் யானையின் முகம் நிழலில் இருக்கும், முத்துக்குடையின் பட்டு மட்டும் ஒளி ஊடுருவிச் சிவந்து தெரியும். அது வேண்டுமென்றால் காலையில், குழித்துறை விட்டுப் படந்தாலுமூடு, களியக்காவிளை நோக்கி வரும் பாதையில் நில்லுங்கள். நெற்றிப்பட்டத்தின் பொன்னும் அம்மனின் முகமும் துலங்க வேண்டுமென்றால் மாலை நாலரை மணிக்குமேல், நேமத்துக்கும் கரமனைக்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்போது வெயில் ஊர்வலத்தின் முகத்தில் விழும், படமெடுப்பவரின் முதுகுப் பக்கம் சூரியன் இருக்கும். பதினொன்று முதல் இரண்டு வரை உச்சி வெயில். எல்லார் கண்ணும் குழிவிழுந்தது போலத் தெரியும். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

மாநில எல்லையான களியக்காவிளையில் தமிழ்நாட்டுக் காவலர் வழியனுப்ப, கேரளக் காவலர் பாண்டு வாத்தியத்தோடு எதிர்கொள்வார்கள். எல்லாரும் அங்கேதான் குவிவார்கள். இரு சீருடைகளும் அம்மனும் ஒரே படச்சட்டத்துக்குள் வரவேண்டுமானால் தரையில் நின்று முடியாது, மாடி தேவை. உடைவாள் கொடுக்கும் மாளிகைக்குள் இடமும் குறைவு, வெளிச்சமும் குறைவு. அமைச்சர்களும் பத்திரிகைக்காரர்களும் நிறைந்திருப்பார்கள். வெளியே முற்றத்தில் காத்திருந்து வாள் வெளிவருவதை எடுப்பதே நல்லது.

உயரம்தான் இந்த ஊர்வலத்தின் உண்மையான சிக்கல். தெருவில் ஐந்தடி உயரத்திலிருந்து பக்கத்தில் நின்று எடுத்தால் யானையின் வயிறும் காலும்தான் நிறையும், அம்மன் குடைக்குள் மறைந்துபோவாள். பன்னிரண்டு முதல் பதினைந்து மீட்டர் பின்வாங்கி, 85 முதல் 135 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் முகம், நெற்றிப்பட்டம், அம்மன், குடை நான்கும் ஒரே நேர்க்கோட்டில் அடங்கும். அதைவிட நல்லது ஒரு கடையின் முதல் மாடி. யானைமேல் இருக்கும் விக்கிரகம் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் வரும். முந்தின நாளே போய்க் கேளுங்கள்: “அண்ணா, நாளைக்கு மாடியில நின்னு ரெண்டு போட்டோ எடுத்துக்கட்டா?” எல்லை தாண்டினால் “சேட்டா” என்று தொடங்குங்கள். இரண்டாம் மாடிக்குப் போக வேண்டாம். அங்கிருந்து குடையின் உச்சி மட்டுமே தெரியும். நிற்கப்போகும் இடத்திலிருந்து கேபிள், மின்கம்பி, பிளக்ஸ் பலகை எதெல்லாம் குறுக்கே வருகிறது என்றும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். யானை வந்தபிறகு நகர இடம் இருக்காது.

கேமராவின் ஒளிமானி இங்கே இரண்டு விதமாக ஏமாறும். கறுத்த யானை படச்சட்டத்தை நிறைத்தால் அது படத்தை வெளுப்பாக்கிவிடும், பொன் பட்டம் வெள்ளைத் திட்டாகப் போகும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிக்கும்). வெள்ளை வேட்டிக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் இதற்கு நேர்மாறாக, அரை முதல் முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள். குடை நிழலுக்குள் இருக்கும் விக்கிரகத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாகவே வேண்டியிருக்கும். அதனால் பிறகு திருத்த இடம்தரும் ரா (RAW) வடிவத்தில் எடுப்பது அவசியம். கரமனையில் குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில் ஏறுவார். அந்தப் பளபளப்பைக் குறைக்கலாம் என்று போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸில் மாட்டுகிறவர்கள் உண்டு. உலோகத்தின் மினுக்கம் போலரைசருக்கு அடங்காது, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் வீணாவதுதான் மிச்சம். ஓரடி இடமோ வலமோ நகர்ந்தால் மினுக்கம் தானே விலகும்.

நடப்பவர்களுக்கு ஷட்டர் 1/250 நொடி, அசையும் யானைக் காதுக்கு 1/320, செண்டைக் கோல் அந்தரத்தில் நிற்க 1/640. கோல் மங்கலாகி அடிப்பவரின் முகம் தெளிவாக நிற்க வேண்டுமென்றால் 1/30. பத்துக்கு ஒன்றுதான் தேறும், அதனால் தொடர்ச்சியாக எடுங்கள்.

ஊர்வலம் நகரும்போது நூறு படம் கிடைக்கும். நிற்கும்போதுதான் நெஞ்சில் நிற்கிற படம் கிடைக்கும். வழியெங்கும் வீட்டு வாசல்களிலும் கடை முன்னாலும் குத்துவிளக்கு ஏற்றி, அவல், பொரி, பழம், பூ வைத்துத் தட்டத்தோடு காத்திருப்பார்கள். சாமி அங்கே நிற்கும், தட்டபூஜை நடக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடும். விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அடுத்து எங்கே நிற்கும் என்பது முன்கூட்டியே தெரியும். விளக்குக்கும் சாமிக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். விளக்கின் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் தள்ளி மண்டியிட்டு, 35 மில்லிமீட்டர் லென்ஸில், தட்டம் ஏந்திய கை கீழேயும் பல்லக்கு மேலேயும் வர எடுங்கள். கண்மூடிக் கும்பிடும் பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பூஜை முடியும்வரை கேமராவை இறக்கிவைப்பதும் சரியான முடிவுதான். எடுத்திருந்தால் திரையில் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். தாலப்பொலி (விளக்கும் பூவும் வைத்த தட்டு) ஏந்தும் சிறுமிகளை எடுக்கும்முன் கூடவரும் அம்மாவிடம் கேட்க வேண்டும்.

யானையிடமிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பின்புறமாகப் போகவே கூடாது. பிளாஷ் வேண்டாம், பகலிலும் வேண்டாம். யானைப்பாகனைக் கூப்பிட்டு நிற்கச் சொல்லாதீர்கள். அவர் கண் யானையைவிட்டு உங்கள்மேல் திரும்பினால் ஆபத்து எல்லாருக்கும்தான். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். இரைச்சல் யானைக்கு ஆகாது, கோட்டைப் பகுதி பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கிறது, விமான நிலையமும் பக்கத்தில்.

கரமனை தாண்டும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். அலங்கார எல்இடி விளக்குகள் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப நொடிக்கு நூறு தரம் துடிக்கும். சைலன்ட் (எலெக்ட்ரானிக்) ஷட்டரில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வையுங்கள். ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் ஏற்றலாம். தீவட்டி, தெருவிளக்கு, நீலச் சரவிளக்கு மூன்றும் கலந்திருப்பதால் ஒயிட் பேலன்ஸை 4000 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறி, வீட்டில் உட்கார்ந்து திருத்தி மாளாது. செல்போனில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைக்க வேண்டும். அது பல படங்களைச் சேர்த்து ஒட்டுவதால் நடப்பவருக்கு மூன்று கால் முளைக்கும்.

பத்மநாபசுவாமி கோவிலுக்குப் போகும் கிழக்கேகோட்டை வாசலுக்கு உள்ளே, நுழைவாயிலைப் பார்த்தபடி நின்றால் வளைவுக்குள் யானை நுழைவது கிடைக்கும். பத்மநாபசுவாமி கோவிலுக்குள் கேமராவும் போனும் கூடாது, அதனால் காவலர் சொல்வதற்கு முன்பே பைக்குள் வையுங்கள். சரஸ்வதி நவராத்திரி மண்டபத்துக்கும், குமாரசுவாமி ஆரியசாலைக் கோவிலுக்கும், நங்கை செந்திட்டைக் கோவிலுக்கும் பிரிந்து போவார்கள். மூன்றையும் ஒருவரே எடுக்க முடியாது. நண்பர்களோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

பையில் இரண்டு பேட்டரி, இரண்டு கார்டு, ஒரு துவர்த்து (துண்டு), கேமராவை மூடும் அளவு பிளாஸ்டிக் உறை. பிற்பகல் இடிமழை அடிக்கும் காலம் இது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும், துடைத்தால் மறுபடி படியும். இறங்க இருபது நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

தவறவிட்டவர்களுக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு. விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில் பூஜப்புரை போய்வருவார். அதன்பின் ஒரு நாள் நல்லிருப்பு என்ற ஓய்வு முடிந்து மூவரும் வந்த வழியே ஊர் திரும்புவார்கள். அப்போது முகம் தென்கிழக்கு நோக்கும். வரும்போது நிழலில் இருந்த முகங்களில் காலை ஏழு மணி வெயில் நேராக விழும்.