செதுக்குளியை உங்கள் கைக்கு அளவெடுத்துப் பிடி போடுவது எப்படி?

வெள்ளி வளையலில் பெயர் செதுக்கப் பழகிய முதல் இரண்டு மாதமும் என் உள்ளங்கையில் ஒரு சிவப்பு வட்டம் மறையாமல் இருந்தது. மணிக்கட்டு வலி வேறு. பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. உளி என் கைக்குப் பொருந்தாமல் இருந்ததுதான் காரணம்.

கடையில் கிரேவர் என்று கேட்டு வாங்கும் உளிக்கம்பி பெரும்பாலும் 11, 12 செ.மீ. நீளம் வரும். அவரவர் கைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. நானும் அப்படியே பிடியில் சொருகி வேலையை ஆரம்பித்தவள்தான். செதுக்குவது எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை, உளியைக் கைக்குப் பொருத்துவது மட்டும்தான்.

என்ன வேண்டும்

2.4 மி.மீ. சதுர ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கம்பி, காளான் வடிவ மரப்பிடி, கம்பியை இறுக்கிப் பிடிக்க வைஸ், கட்டிங் வீல் மாட்டிய கை மோட்டார், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கொஞ்சம் அரக்கு. கார்பன் ஸ்டீல் உளி விலை குறைவு, தீட்டவும் சுலபம். ஆனால் சாணையில் சூடேறி முனை நீலமாகிவிட்டால் பதம் போய்விடும். ஹெச்.எஸ்.எஸ். அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதால் ஆரம்பத்தில் அதையே வாங்கச் சொல்வேன். பிடி பூவரசு மரத்தில் கிடைத்தால் விடாதீர்கள். வார்னிஷ் அடித்த பிடி வேண்டாம், வேலூர் வெயிலுக்கு வியர்த்த கையில் அது வழுக்கும். வார்னிஷ் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

அளவெடுப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் கம்பி இல்லாமல் பிடியை மட்டும் கையில் எடுங்கள். காளான் தலை உள்ளங்கைக் குழியில், சுண்டுவிரல் பக்கமாக ஒதுங்கி உட்கார வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் அதை லேசாக அணைத்துக்கொள்ளும். ஆள்காட்டி விரல் கம்பியின் பக்கவாட்டில் நீளும். கட்டைவிரல் உளியைப் பிடிக்காது. அது நகையின் மேலோ பக்கத்திலோ ஊன்றி நிற்கும், உளி அதை ஒட்டி நழுவிப் போகும். அதாவது கட்டைவிரல்தான் பிரேக்.

இப்போது கம்பியைப் பிடிக்குப் பக்கத்தில் வைத்து, முனை கட்டைவிரல் நுனியைத் தாண்டி ஒன்றரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடியுங்கள். 12 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை இருக்கலாம். கம்பி பிடியின் முகப்பைத் தொடும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் பிடிக்குள் இறங்க 2 செ.மீ. விடுங்கள். மிச்சம்தான் வெட்டி எடுக்க வேண்டியது.

நான் முதல் தடவை அளந்தபோது கட்டைவிரலை நேராக விறைத்து நீட்டி வைத்திருந்தேன். வேலை செய்யும்போது அந்த விரல் மடங்கும். மடங்கியதும் ஒன்றரை செ.மீ. நீட்டல் மூன்று செ.மீ. ஆகிவிட்டது. முனை ஆடியது, பிரேக் பிடிக்கவில்லை. ஒரு வளையலின் குறுக்கே கோடு இழுத்து, வளையலைப் பிடித்திருந்த இடது ஆள்காட்டி விரலிலும் இறங்கியது. பட்டறையில் எனக்குக் கற்றுக்கொடுத்த மாமா வளையலைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். "கட்டைவிரலை எதுக்கும்மா இப்படி விறைச்சுக்கினு அளக்கிற? வேலை செய்யறப்ப எப்படி இருக்குமோ அப்படி வெச்சு அள." அவ்வளவுதான் சொன்னார். வெறும் செம்புத் தகட்டில் பத்துக் கோடு போட்டுவிட்டு, விரலை அசைக்காமல் அப்படியே வைத்து இரண்டாவது கம்பிக்கு அளந்தேன். சரியாக வந்தது.

ரொம்பக் குட்டையாகிவிட்டாலும் கஷ்டம்தான். கட்டைவிரலே முனையை மறைக்கும், மடக்கிய விரல்கள் நகையில் இடிக்கும். தீட்டத் தீட்ட உளி தேயும் என்பதால் 3 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

வெட்டுவது

பிடிக்குள் போகும் வால் பக்கம் மட்டும்தான் வெட்ட வேண்டும், முனைப் பக்கம் கூடாது. முனை ஏற்கெனவே கோணம் தீட்டிய உளியாக இருந்தால் இதை இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஹாக்ஸா பிளேடு இந்த எஃகில் ஏறாது, பல்தான் மழுங்கும். கட்டிங் வீலால் நான்கு பக்கமும் பள்ளம் போட்டு, பள்ளம் வைஸின் வாயை ஒட்டி இருக்கும்படி இறுக்கி, துணி சுற்றி, சுத்தியலால் ஒரு தட்டு. ஒடிந்துவிடும். துணி இல்லாவிட்டால் துண்டு பறக்கும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பிடி போடுவது

வாலைச் சாணையில் கொஞ்சம் கூம்பாக்குங்கள். பிடியில் வாலைவிடச் சற்றுச் சின்னதாகத் துளை. சிலர் அரால்டைட் பசை ஊற்றுகிறார்கள். என் பேச்சைக் கேட்டால் முதல் உளிக்கு அது வேண்டாம். ஒரு வாரம் வேலை செய்த பிறகுதான் நீளம் சரியா என்று தெரியும், அப்போது கழற்ற முடியாது. துளையில் அரக்குத் தூள் போட்டு, வாலை மட்டும் சூடாக்கி இறக்கினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மாற்ற வேண்டுமென்றால் கம்பியைப் பிடிக்குப் பக்கத்தில் சூடு காட்டினால் போதும், வந்துவிடும்.

அரக்கு ஆறுவதற்குள் ஒன்றைச் சரிபாருங்கள். பிடியின் தட்டையான அடிப்பாகமும் உளியின் அடியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் கோடு ஒரு பக்கமாகச் சாயும், கை அதைச் சரிசெய்யப் பார்த்தே வலிக்கும்.

பிடியின் அடி நகையில் உரசினால் உடனே பிடியைச் செதுக்க வேண்டாம். முனைக்கு அடியில் தீட்டும் சின்னப் பட்டையை, ஹீல் என்பார்களே, அதைப் பாருங்கள். நான் 15 டிகிரி வைத்துக்கொள்கிறேன். 20 வரை ஏற்றினால் பிடி மேலே எழும்பும். தீட்டி முடித்ததும் முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக வையுங்கள். பதிந்து நின்றால் கூர்மை, வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும்.

கையில் பார்ப்பது

செம்புத் தகட்டைத் தோல் மணல் பையின் மேல் வைத்து அரை மணி நேரம் கோடு போடுங்கள். பை வாங்க வேண்டியதில்லை. ஆம்பூர்ப் பக்கம் கிடைக்கிற தடித்த தோல் துண்டில் இரண்டு வட்டம் வெட்டித் தைத்து, சலித்துக் காயவைத்த பாலாற்று மணலை நிரப்பினேன், ஐந்து வருடமாக அதுதான் ஓடுகிறது. வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் பையைத் திருப்புங்கள். முடித்ததும் உள்ளங்கையைப் பாருங்கள். நடுவில் வட்டமாகச் சிவந்திருந்தால் பிடியின் தலை சின்னது. சுண்டுவிரலுக்குக் கீழே பரவலாகச் சிவந்திருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

தலை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று தெரிய, சப்பாத்தி மாவு உருண்டையை உளி பிடிப்பது போலப் பிடித்து அழுத்துங்கள். கையை எடுத்ததும் நிற்கிற வடிவம்தான் உங்கள் பிடி. அதைப் பார்த்து அரத்தால் ராவினால் போதும்.

பிறகு சேர்த்தது: குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை தான் இடது கைக்காரி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். சதுர உளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் முனையில் மாற்றம் இல்லை. பிடியில் கட்டைவிரல் படும் பக்கத்தை மட்டும் எதிர்ப்புறமாக ராவிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கத்திரி வெயிலில் பிடி வழுக்குகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். பழைய சைக்கிள் ட்யூபில் விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, பிடியின் கழுத்தில் மாட்டிப் பாருங்கள். அது ஒரு மி.மீ. தடிப்பு கூட்டும், அதனால் மாட்டிய பிறகு அளவை மறுபடி எடுங்கள்.