சூப்பர் மெட்ராய்டை மறுபடி எடுத்து, பாதியில் வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு

1994-ல் வந்த வீடியோ கேமான சூப்பர் மெட்ராய்டில் வழி தெரியாமல் நிற்பது இரண்டு வகை. புதிதாக ஆடுபவர் எல்லாச் சுவரையும் சுட்டுப் பார்த்துக்கொண்டே போவார். அவருக்கு எப்படியோ வழி கிடைத்துவிடும். முன்பே முடித்துவிட்டு பல வருஷம் கழித்து வருபவரின் பாடு வேறு. எந்தப் பொருள் எந்த மூலையில் இருக்கிறது என்று அவருக்கு நினைவிருக்கும், அங்கே போகும் வரிசைதான் மறந்திருக்கும். கிராவிட்டி சூட் உடைந்த கப்பலில் என்று தெரிந்து நேராக அங்கே நடப்பார், பள்ளத்தைத் தாண்ட முடியாமல் ஒரு மணி நேரத்தை வீணாக்குவார். இந்தக் குறிப்பு முக்கியமாக அவருக்காகத்தான்.

முதலில் பட்டன்கள். தொடக்க அமைப்பில் ஏ குதிக்க, எக்ஸ் சுட, பி ஓட, ஒய் தேர்ந்தெடுத்த ஆயுதத்தை ரத்து செய்ய. எல் சாய்வாகக் கீழே, ஆர் சாய்வாக மேலே குறி வைக்கும். செலக்ட் பட்டன் மிசைல், சூப்பர் மிசைல், பவர் பாம்ப் என்று மாற்றும். இதில் பி தான் பலருக்கு மறந்துபோகிறது. ஓடுவதற்குப் பொருள் எதுவும் தேவையில்லை, முதல் நொடியிலிருந்தே ஓடலாம். ப்ரின்ஸ்டார் என்ற பிரதேசத்தின் இளஞ்சிவப்புப் பகுதியைத் தாண்டி வலப்பக்கம் போகும்போது, கால் வைத்ததும் உதிரும் கற்களால் ஆன நீளமான பாலம் ஒன்று வரும். நடந்தால் பாதியில் விழுவீர்கள். எத்தனை முறை நடந்தாலும் அதே கதைதான், குதித்தும் பயனில்லை. பாலத்துக்கு முன்னால் இருக்கும் தரையிலேயே பி-யை அழுத்திப் பிடித்து ஓட ஆரம்பியுங்கள், கை எடுக்காமல் மறுமுனை வரை போங்கள், அவ்வளவுதான். உலகம் முழுக்க ஆட்கள் மாட்டிக்கொண்ட இடம் இது. 'ஏதோ பூட்ஸ் எடுக்க வேண்டும் போல' என்று திரும்பிப் போய்விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

அடுத்து, சுவரில் உதைத்து ஏறுவது. இதற்கும் பொருள் வேண்டாம். பச்சை ப்ரின்ஸ்டாரின் அடியில் எட்டகூன்கள் என்ற மூன்று குட்டி விலங்குகள் ஒரு குறுகலான குழியில் இதைச் செய்து காட்டும். அவற்றைப் பார்த்தும் வரவில்லை என்றால், வரிசையில்தான் பிழை. சுருண்டு சுழலும் குதியில் சுவரை நெருங்குங்கள். சுவரைத் தொட்டதும் அதற்கு எதிர்ப்பக்கம் திசைப் பட்டனை அழுத்துங்கள். நீங்கள் ஆடும் நாயகி செமஸ் சுவரில் காலை ஊன்றும் ஒரு சின்னத் தோற்றம் வரும், அப்போது ஏ. திசை முதலில், குதி அதற்குப் பிறகு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வெறுமனே விழுவீர்கள். நேராக எழும்பும் குதியில் இது நடக்காது, செமஸ் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். கை பழகிவிட்டால் ஒரே சுவரிலேயே எவ்வளவு உயரமும் ஏறலாம்.

கதவுகளையும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீலம் எதற்கும் திறக்கும். இளஞ்சிவப்புக்கு ஐந்து மிசைல் அல்லது ஒரு சூப்பர் மிசைல். பச்சைக்குச் சூப்பர் மிசைல், மஞ்சளுக்குப் பவர் பாம்ப். சாம்பல் கதவை எந்த ஆயுதமும் திறக்காது. உள்ளே இருக்கும் எதிரிகளையோ பாஸையோ முடித்தால்தான் திறக்கும்.

சுவரில் எங்கே வழி இருக்கிறது என்று சோதிக்கச் சாதாரணப் பாம்பே போதும். மறைந்திருக்கும் கல்லின் மேல் பாம்ப் வெடித்தால், அது உடையாவிட்டாலும் எதற்கு உடையும் என்று ஒரு சின்னம் தெரியும்: சூப்பர் மிசைல், பவர் பாம்ப், ஸ்பீட் பூஸ்டர் என்று தனித்தனிப் படம். 'இங்கே ஏதோ இருக்கு, இப்ப முடியாது' என்று குறித்துக்கொண்டு நகரலாம். எக்ஸ்ரே கருவி கிடைத்த பிறகு அதைத் தேர்ந்தெடுத்து பி-யை அழுத்திப் பிடித்தால் திரையே காட்டிக்கொடுக்கும். ஆனால் அது வரும் வரைக்கும் பாம்ப்தான் உங்கள் எக்ஸ்ரே.

மேப்பை முழுதாக நம்பாதீர்கள். மேப் நிலையம் தருவது அந்தப் பகுதியின் ஒரு வரைவுதான், ரகசிய அறைகள் அதில் இருக்காது. நீங்கள் நுழைந்த கட்டங்கள் இளஞ்சிவப்பாகும், நுழையாதவை நீலமாகவே இருக்கும். கட்டத்துக்குள் இருக்கும் புள்ளி பொருளைக் குறிக்கும். பொருளை எடுத்த பிறகும் அந்தப் புள்ளி மறையாது. 'இன்னும் புள்ளி இருக்கே' என்று எடுத்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டாம்.

இனி வரிசை. இந்த வரிசையை உடைத்து ஆடலாம், அதற்கென்றே திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு, கேம் எதிர்பார்க்கும் ஒழுங்கு தெரிந்தால் போதும்.

தொடக்கப் பகுதியான க்ரடீரியாவிலிருந்து லிஃப்டில் இறங்கியதும் இடப்பக்கம் மார்ஃப் பால் (பந்தாகச் சுருளும் திறன்). மிசைலை எடுத்துக்கொண்டு மேலே திரும்பி, இளஞ்சிவப்புக் கதவுக்குப் பின்னால் டோரிசோ சிலையிடம் பாம்ப். பிறகு க்ரடீரியாவின் மேற்குப் பக்கத்து லிஃப்ட் வழியாகப் பச்சை ப்ரின்ஸ்டார். இளஞ்சிவப்புப் பகுதியின் அடித்தளத்தில் சார்ஜ் பீம் ஒளிந்திருக்கிறது, தரையைப் பாம்ப் வைத்துத் தேடுங்கள். அது இல்லாமலும் தொடரலாம், ஆனால் பாஸ்களிடம் மிசைல் தீர்ந்து திண்டாடுவீர்கள். ஸ்போர் ஸ்பான் என்ற பாஸை வென்றால் சூப்பர் மிசைல். அதன் பிறகுதான் மேலே சொன்ன பாலமும், அதைத் தாண்டி ரெட் டவரும்.

ரெட் டவரில் பலர் மேலே ஏறப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வழி கீழே. அடியில் இறங்கி, கிரெய்டு என்ற பாஸின் கிடங்குப் பக்கம் வந்தால், அவனிடம் போகும் மேடை எட்டாத உயரத்தில் இருக்கும். பக்கத்து லிஃப்டில் நார்ஃபேருக்கு இறங்குங்கள். லிஃப்ட் தண்டுக்கு அருகிலேயே, சூடு தாக்காத ஒரு அறையில் ஹை ஜம்ப் பூட்ஸ் இருக்கிறது. எடுத்ததும் மேலே வந்துவிடுங்கள். செமஸின் எனர்ஜி தானாகக் கரைய ஆரம்பித்தால் நீங்கள் சூடான அறைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கே வேரியா சூட் இல்லாமல் வேலை இல்லை. வேரியா இருப்பது கிரெய்டுக்குப் பின்னால்.

வேரியாவோடு நார்ஃபேருக்குத் திரும்பினால், குமிழ் குமிழான பாறைகள் நிறைந்த உயரமான அறை ஒன்று வரும். அதன் மேல் வலது கதவு ஸ்பீட் பூஸ்டருக்கு. அதை எடுத்தவுடன் வந்த வழியில் எரிமலைக் குழம்பு ஏறும். நிற்காமல் ஓடுங்கள், புதுப் பொருளுக்கு அதுவே முதல் பயிற்சி. அடுத்து ஐஸ் பீம்: லிஃப்ட் தண்டின் மேல் இடப்பக்கம், பச்சைக் கதவுக்குப் பின்னால், மளமளவென்று மூடும் ஷட்டர்கள் இருக்கும் அறை. அவற்றை முந்தத்தான் ஸ்பீட் பூஸ்டர். இப்போதுதான் ரெட் டவர் மேல்நோக்கித் திறக்கிறது. குறுக்கே பறக்கும் ரிப்பர்களை ஐஸ் பீமால் உறையவைத்து, அவற்றையே படிகளாக்கி ஏறுங்கள். உச்சியைத் தாண்டி வலப்பக்கம் பவர் பாம்ப்.

பவர் பாம்ப் வந்ததும் நார்ஃபேருக்குத் திரும்பி க்ரோகோமயர் என்ற எதிரி. அவனுக்கு உயிர்க்கோடு கிடையாது. வாய் திறக்கும்போது மிசைலால் அடித்து அடித்துப் பின்னால் தள்ள வேண்டும், பாலம் இடிந்து விழுவான். அவன் செத்ததும் கையில் எதுவும் வராது, அதனால் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுபவர்கள் உண்டு. திரும்பாதீர்கள். கிராப்பிள் பீம் அந்த அறைக்கு அப்பால் இருக்கிறது. உடைந்த கப்பலுக்கு முன்னால் இருக்கும் நீர்ப்பள்ளத்தைத் தாண்ட அதுதான் சாவி. ரெட் டவர் பக்கத்து லிஃப்டில் க்ரடீரியாவுக்கு ஏறி, மஞ்சள் கதவைத் திறந்து, பள்ளத்துக்கு மேலே தெரியும் கட்டைகளில் ஊஞ்சலாடித் தாண்டுங்கள்.

கப்பலுக்குள் மின்சாரம் இருக்காது. சேவ் நிலையம், மேப் நிலையம் எதுவும் வேலை செய்யாது. கேம் கெட்டுப்போகவில்லை, அங்குள்ள பாஸ் ஃபேன்டூனை வென்றால் விளக்கெல்லாம் எரியும். ஆகவே உள்ளே நுழையும் முன் எனர்ஜியையும் மிசைலையும் நிரப்பிக்கொண்டு சேவ் செய்துவிடுங்கள். ஃபேன்டூனின் கண் திறந்திருக்கும்போது சாதாரண மிசைலோ சார்ஜ் செய்த குண்டோ போதும். சூப்பர் மிசைல் பட்டால் ஆவேசமாகி நெருப்பை வாரி இறைப்பான்.

கப்பலில் ஒரு இடத்தைக் கவனமாகப் பாருங்கள். கைகளை ஏந்தியபடி உட்கார்ந்திருக்கும் சோசோ சிலை. மார்ஃப் பாலாகச் சுருண்டு அந்தக் கைகளில் உட்கார்ந்தால், சிலை எழுந்து உங்களைச் சுமந்துகொண்டு முள்தரையில் நடக்கும். கிராவிட்டி சூட்டுக்கு அதுதான் வழி. இந்தப் பாடம் பின்னால் வேண்டியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

கிராவிட்டி சூட் கையில் இருந்தும், அடுத்த பகுதியான மரிடியாவின் வாசல் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கேமிலேயே பெரிய முட்டுச்சந்து. கதவு தேடினால் கிடைக்காது. சிவப்பு ப்ரின்ஸ்டாரின் அடியில், தண்ணீருக்கு நடுவே போகும் கண்ணாடிக் குழாய் ஒன்றின் வழியாக நீங்கள் முன்பே நடந்திருப்பீர்கள். அதன் நடுவில் நின்று பவர் பாம்ப் வையுங்கள். விரிசல் ஓடி, குழாய் மொத்தமும் நொறுங்கும். அதுதான் வாசல். சாதாரணப் பாம்பாலும் சூப்பர் மிசைலாலும் கீறல்கூட விழாது, பலர் இதை ஒருமுறை முயன்றுவிட்டுக் கைவிடுவதற்குக் காரணம் அதுவே.

மரிடியாவில் நேராக ஓடி உடைக்க வேண்டிய ஒரு நீண்ட நடை வரும், அதற்கு ஸ்பீட் பூஸ்டர். தண்ணீருக்குள் வேகம் எடுக்கவில்லை என்றால் ஸ்டார்ட் அழுத்தி, செமஸின் பொருள் பட்டியலில் கிராவிட்டி சூட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் எதையும் தவறுதலாக அணைத்துவிட முடியும். அதைத் தாண்டி பாட்வூன், பிறகு ட்ரேகன் என்று இரண்டு பாஸ்கள். ட்ரேகனுக்கு ஒரு குறுக்குவழி: சுவரில் இருக்கும் துப்பாக்கிகளில் ஒன்றை முன்கூட்டியே உடைத்துவையுங்கள். அவள் உங்களைப் பிடித்துத் தூக்கியதும், பொறி பறக்கும் அந்த இடத்தில் கிராப்பிள் பீமை மாட்டினால் மின்சாரம் அவள் மேல் பாயும். உங்கள் எனர்ஜியும் கூடவே இறங்கும், இரண்டு மூன்று டாங்காவது மிச்சம் இருக்கட்டும். வென்றால் ஸ்பேஸ் ஜம்ப்.

ஸ்பேஸ் ஜம்ப் இல்லாமல் கீழ் நார்ஃபேருக்குப் போனவர்கள் அமில ஏரிக்கு முன் நிற்கிறார்கள். கிராவிட்டி சூட் எரிமலைக் குழம்பைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. அந்த அறையிலும் கையேந்திய சிலை ஒன்று இருக்கிறது. கப்பலில் கற்றதைச் செய்யுங்கள்: சுருண்டு கைகளில் உட்கார்ந்தால் அமிலம் வடியும். ஆனால் ஸ்பேஸ் ஜம்ப் உங்களிடம் இருந்தால் மட்டுமே சிலை அசையும். 'உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை' என்றால் மரிடியா இன்னும் முடியவில்லை என்று பொருள். அமிலத்துக்கு அப்பால் தங்க டோரிசோவும் ஸ்க்ரூ அட்டாக்கும். அதற்கு மேல் பாஸ் ரிட்லியை நோக்கிப் போகும் வழியில், பவர் பாம்புக்கு மட்டுமே திறக்கும் தரை ஒன்று இருக்கிறது. முட்டிக்கொண்டால் சுவரைவிடத் தரையைச் சந்தேகியுங்கள்.

எங்காவது ஆழமான குழியில் விழுந்து ஏற வழியில்லை என்றால் ஷைன்ஸ்பார்க் நினைவிருக்கட்டும். ஸ்பீட் பூஸ்டரோடு உடம்பு மின்னும் வரை ஓடி, கீழ் பட்டனை ஒரு தட்டு. சக்தி ஏறத்தாழ மூன்று நொடி தங்கும். அதற்குள் அசையாமல் நின்று ஏ அழுத்தினால் செமஸ் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பாள், எதுவும் அழுத்தாவிட்டால் நேராக மேலே பாய்வாள், அந்தக் கணத்தில் திசையைப் பிடித்தால் பக்கவாட்டில். பாயும்போது எனர்ஜி குறைந்துகொண்டே வரும், 30-க்குக் கீழே போனால் நின்றுவிடும். ப்ரின்ஸ்டாரில் டாக்கோரா என்ற பறவை இதைத்தான் ஓடிக் காட்டுகிறது.

சேவ் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. நான்கு முக்கியப் பாஸ்களும் (கிரெய்டு, ஃபேன்டூன், ட்ரேகன், ரிட்லி) முடிந்து, கடைசிப் பகுதியான டூரியனுக்கான லிஃப்ட் திறந்ததும், இறங்கும் முன் சேவ் செய்து, தலைப்புத் திரையில் இருக்கும் காப்பி வசதியால் வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். மூன்று இடங்கள் இருக்கின்றன. டூரியனின் உள்ளே ஆழமாகப் போன பிறகு மேலே திரும்ப முடியாது, 100 பொருளையும் எடுக்க நினைப்பவர்கள் அங்கே சேவ் செய்துவிட்டு வருந்துவார்கள். நின்டெண்டோ ஸ்விட்சில் ஆடுபவர்கள் அங்குள்ள இடைநிறுத்தப் பதிவு வேறு, கேமுக்குள் இருக்கும் சேவ் வேறு என்பதை மறக்க வேண்டாம். பழைய இடைநிறுத்தத்தைத் திறந்தால் நேற்று கேமுக்குள் செய்த சேவும் பின்னோக்கிப் போய்விடும்.

அசல் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குச் சேவ் தங்கவில்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும். உள்ளே இருப்பது சிஆர்2032, 3 வோல்ட். உலோகப் பட்டை பற்றவைத்தே வரும் வகையை வாங்குங்கள், வெறும் பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டரிங் செய்தால் சூட்டில் அது கெடும். கார்ட்ரிட்ஜின் மூடியைத் திறக்க 3.8 மிமீ கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பேட்டரியைக் கழற்றிய கணமே உள்ளே இருந்த சேவ் போய்விடும்.

கடைசித் தப்பியோட்டத்துக்கு மூன்று நிமிடம் தருகிறார்கள், அது தாராளம். வழியில் ஆரம்பத்தில் பாம்ப் எடுத்த டோரிசோ அறைக்குத் திரும்பி, அதன் வலது கோடிச் சுவரைச் சுடுங்கள். எட்டகூன்களும் டாக்கோராவும் உள்ளே காத்திருக்கும். அவற்றுக்கும் வழி திறந்துவிட்டு ஓடுங்கள். ஜீபஸ் கிரகம் வெடிக்கும்போது ஒரு சின்ன ஒளிப்புள்ளி தனியாக விலகிப் பறப்பதைக் கவனித்துப் பாருங்கள்.