குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: ரெடிமேடா, அசெம்பிளா?

கையில் 60,000 ரூபாய் இருக்கிறது என்றால் முதலில் அதை இரண்டாகப் பிரியுங்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், விண்டோஸ் லைசென்ஸ் ஒரு பக்கம். கேபினெட்டுக்குள் போகும் சாமான் இன்னொரு பக்கம். ரெடிமேட் சிஸ்டத்தின் விலையில் பெரும்பாலும் விண்டோஸ் சேர்ந்தே வரும், பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டும் அசெம்பிள் கொட்டேஷனில் வராது. இதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

எந்த வழியில் போனாலும் உங்கள் கையில் ஏழு பெயர்கள் இருக்க வேண்டும்: பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி (கேம்களும் ஃபைல்களும் சேமிக்கும் இடம்), கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை), கேபினெட். ஒவ்வொன்றுக்கும் கம்பெனி பெயரும் முழு மாடல் எண்ணும் வேண்டும். அதைத் தராத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு இறங்கி வந்தாலும் வாங்க வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். "ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி" என்று ஆன்லைனில் ஒரு விளம்பரம். கலர் லைட், கண்ணாடிக் கேபினெட், விலையும் கட்டுப்படியாகிறது. முழு மாடலைக் கேட்டால் ஐ7-3770 என்று வரலாம். கோடுக்குப் பின்னால் இருக்கும் 3 என்பது மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. அந்த 4 ஜிபி கார்டு ஜிடி 730ஆக இருக்கலாம், அது 2014இல் வந்தது. பத்து வருடம் கழித்து வந்த ஐ3-12100எஃப் கேம்களில் அந்த ஐ7ஐத் தாராளமாக முந்தும். அதோடு, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலொரன்ட் என்ற கேம் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். அவ்வளவு பழைய போர்டில் பெரும்பாலும் இவை இருக்காது.

பெயர் பலகையில் சின்ன எழுத்து மாறினாலும் உள்ளே இருப்பது மாறிவிடும். ஆர்டிஎக்ஸ் 3050 என்று மட்டும் போட்டிருந்தால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கேளுங்கள். 6 ஜிபி கார்டில் நினைவகம் மட்டும் குறையவில்லை, கணக்குப் போடும் கோர்களும் 2560லிருந்து 2304ஆகக் குறைந்துள்ளன, தரவு போகும் பாதையான மெமரி பஸ்ஸும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டுக்கு இறங்கியிருக்கிறது. ரைசன் 5 5600க்கும் 5600ஜிக்கும் அப்படித்தான். ஜி மாடலில் கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) பாதிதான், 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி. தனி கிராபிக்ஸ் கார்டு போடுவதாக இருந்தால் 5600 எடுங்கள். கார்டை ஆறு மாதம் கழித்துத்தான் வாங்க முடியும் என்றால் மட்டும் 5600ஜி, கார்டு இல்லாமலே படம் காட்டும் உள்கிராபிக்ஸ் அதில் உண்டு.

ரெடிமேட் சிஸ்டத்தில் கம்பெனி காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் விளம்பரத்தில் வராத இடங்களில்தான். ரேம் 16 ஜிபி என்றால் இரண்டு 8 ஜிபியா, ஒரே 16 ஜிபியா? ஒரே ஸ்டிக் என்றால் டூயல் சேனல் (இரண்டு வழியாகத் தரவு போவது) இல்லை, பல கேம்களில் ஃபிரேம் ரேட் விழும். மதர்போர்டில் இன்னொரு எஸ்எஸ்டி போட இரண்டாவது எம்.2 ஸ்லாட் பல சமயம் இருக்காது. பெரிய பிராண்டுகளின் சில மாடல்களில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுடைய சொந்த வடிவத்தில் இருக்கும், பவர் கனெக்டரே வேறு மாதிரி. மூன்று வருடம் கழித்து எஸ்எம்பிஎஸ் போனால் வெளிக்கடையில் வாங்கிப் போட முடியாது. "இது ஸ்டாண்டர்ட் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்தானா?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதன் கீழே உள்ள கட்டத்தில் +12வி என்ற இடத்தைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 16 = 192 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட், கூட்டினால் 208, அந்த 192ஐத் தாண்டிவிடுகிறது. கேமின் நடுவில் சிஸ்டம் அணைந்து அணைந்து எழும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நல்ல 550 வாட் யூனிட்டில் 12 வோல்ட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேல் போட்டிருப்பார்கள். மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) சான்றுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இதில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கவே கூடாது.

அசெம்பிள் என்றால் நீங்களே ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுத்தால் கடைக்காரரே பூட்டித் தருவார். முதல் முறை வாங்குபவருக்கு இதுவே நல்ல வழி. 1080பி விளையாட்டுக்குப் பட்ஜெட்டில் பொருந்தும் அடித்தளம் இது: ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், அதற்கேற்ற மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி இரண்டு, 500 ஜிபி அல்லது 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டுக்குள் போகும் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் கார்டுக்கே போகட்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக மூடிய கேபினெட்டைத் தவிர்த்து, வலை போட்டதை எடுங்கள். மே மாத வெயிலில் வித்தியாசம் தெரியும். ரைசனுக்கு எடுக்கும் போர்டு பி450 வகை என்றால் பழைய ஸ்டாக்காக இருக்கலாம். பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்யாவிட்டால் 5600ஐ அடையாளம் காணாமல் திரை கறுப்பாகவே நிற்கும். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி ஒப்பீடு. ரெடிமேட் சிஸ்டத்தின் ஏழு பாகங்களை அப்படியே எழுதி, இரண்டு கடைகளில் ஜிஎஸ்டி சேர்த்துக் கொட்டேஷன் வாங்குங்கள். கணினி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், "பில் இல்லாமல்" என்று சொல்லும் விலையை ஒப்பிடவே வேண்டாம். விண்டோஸ் விலையைக் கூட்டுங்கள். அதன் பிறகும் ரெடிமேட் 10 சதவீதத்துக்குள்தான் கூடுதல் என்றால், அதன் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் ஸ்டாண்டர்டாக இருந்தால், ரெடிமேடையே எடுக்கலாம். அதற்கு மேல் போனால் அசெம்பிள். சில காலங்களில் ரெடிமேட் மலிவாகவே இருக்கும். 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை கிடுகிடுவென ஏறியபோது, பழைய விலையில் ரேம் வாங்கிப் பூட்டி வைத்திருந்த சிஸ்டங்களைப் பாகம் பாகமாக வாங்கி முந்த முடியவில்லை. வீட்டில் பழைய டிடிஆர்4 ஸ்டிக் இருந்தால் அதுவும் காசுதான், தூக்கிப் போடாமல் புது சிஸ்டத்தில் பயன்படுத்துங்கள்.

வாரண்டியில் ரெடிமேடுக்கு ஒரு நிஜமான சாதகம் உண்டு. எது கெட்டாலும் ஒரே இடத்தில் சொன்னால் போதும். அசெம்பிளில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி சர்வீஸ் சென்டர், எது கெட்டது என்று கண்டுபிடிப்பதும் உங்கள் வேலை. ஆனால் ரெடிமேடுக்குப் பல சமயம் ஒரு வருடம்தான், அசெம்பிள் பாகங்கள் பலவற்றுக்கு மூன்று வருடம் கிடைக்கும். பில்லில் சீரியல் எண்கள் ஏறியிருக்க வேண்டும். பெட்டி இல்லாமல் தரும் ட்ரே பிராசஸருக்குக் கம்பெனி வாரண்டி பெரும்பாலும் கிடையாது, கடை வாரண்டிதான்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை கொஞ்சம். கூரியரில் வந்த ரெடிமேட் என்றால் பெட்டி திறப்பதை வீடியோ எடுத்து, பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே அடைத்த ஃபோமை எடுத்துவிட்டு, கார்டு ஸ்லாட்டில் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். 5600, 12400எஃப் இரண்டிலும் உள்கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் செருகினால் படம் வராது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறங்கள். வேகம் 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போடவில்லை என்று அர்த்தம். சிபியு-இசட் என்ற மென்பொருளில் 1600 என்று பார்த்துப் பதற வேண்டாம், அதை இரண்டால் பெருக்கினால் 3200. ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் கார்டின் பெயரைப் பில்லோடு ஒப்பிடுங்கள். பிறகு கனமான ஒரு கேமை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். இடையில் சிஸ்டம் அணைந்தால் வெப்பநிலையையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் முதலில் சந்தேகப்படுங்கள். மாற்றித் தரும் கெடு முடியும்வரை ஒரு அட்டைப் பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.