பதிவரிடம் விளம்பரம் கேட்கும் முன்

"அன்புள்ள பதிவரே" என்று தொடங்கும் மின்னஞ்சலை நான் முழுதாகப் படிப்பதில்லை. என் சமையல் வலைப்பதிவில் முட்டைகூடக் கிடையாது; என்னிடம் மட்டன் மசாலா விளம்பரம் கேட்கிறார்கள்! நாலைந்து பதிவுகளையாவது படித்துவிட்டு, பெயர் சொல்லி எழுதுங்கள்.

உறவு கெடுவது பெரும்பாலும் பணத்தில்தான். இலவச மிக்சி ஊதியம் ஆகாது. ஒரு செய்முறையை இரண்டு மூன்று முறை சமைத்துப் பார்த்து, படமெடுத்து, எழுத வேண்டும். மளிகைச் செலவு தனி. தொகை எவ்வளவு, எத்தனை படங்கள், எத்தனை முறை திருத்தம், அந்தப் படங்களை உங்கள் விளம்பரங்களில் எவ்வளவு காலம் பயன்படுத்துவீர்கள், பணம் எந்தத் தேதியில் வரும் என்பதை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதித் தாருங்கள். பதிவரே வைத்துக்கொள்ளும் பொருள்களின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. 2022 ஜூலையில் வந்த நடைமுறை இது. பொருளை அனுப்பும் முன்பே அதையும் சொல்லிவிடுங்கள்.

விளம்பரம் என்ற குறிப்பை மறைக்கச் சொல்லாதீர்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இல் வெளியிட்ட நெறிமுறைப்படி அது கட்டாயம். இலவசப் பொருளுக்கும் பொருந்தும்.

தகவல் பிழையானால் திருத்தச் சொல்லுங்கள், மகிழ்ச்சியாகச் செய்வேன். ஆனால் உங்கள் மிக்சி ஜாடியின் மூடி இறுக்கமாக இருக்கிறது என்று நான் எழுதியதை நீக்கச் சொல்லாதீர்கள். என் வாசகிகள் அந்த மூடியை நாளை திறக்கப் போகிறவர்கள்.

தீபாவளிப் பலகாரப் பதிவு வேண்டுமென்றால் ஆவணியிலேயே கேளுங்கள்.