நிசேகோவில் மரத்துப்போன கால்விரல்கள்

முதல் ஸ்னோபோர்டு (பனிச்சரிவில் பலகைமேல் நின்று சறுக்கும் விளையாட்டு) பயணத்துக்கு ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேகோவைத் தேர்ந்தெடுத்தோம். நியூ சிடோசே விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கிய அன்றே பயிற்சி வகுப்பு வைக்காதது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலை, குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி கனத்த சாக்ஸ் போட்டு, வாடகை பூட்ஸுக்குள் காலைத் திணித்தேன். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. முன்னால் சாயும்போதெல்லாம் குதிகால் மேலே தூக்கியது. பலகையைத் திருப்பவே முடியவில்லை.

சரி என்று கடைக்குத் திரும்பினேன். அங்கிருந்த பெண் என் சாக்ஸைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதுமாம். காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். முதலில் உள்பூட்ஸின் (பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தென்ற உறை) கயிறு, அப்புறம் வெளிக்கயிறு. நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் சற்று விலக வேண்டும். இரட்டை சாக்ஸ் ரத்த ஓட்டத்தை நெருக்கியதுதான் கோளாறு. அங்கே பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில். பாதத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள்.

காப்பீட்டையும் கவனியுங்கள். நான் எடுத்த பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போதுதான் பார்த்தேன், கூடுதல் பணம் கட்டிச் சேர்த்தேன். புதிதாகக் கற்பவர்கள் கையை ஊன்றித்தான் விழுவார்கள், மணிக்கட்டுக்கு ஆபத்து.

மூன்றாம் நாள் மதியம் மேகம் விலகி, எதிரே யோதெய் மலை முழுசாகத் தெரிந்தது. அப்போது விழாமல் இரண்டு திருப்பம் எடுத்திருந்தேன்.