சபை வேலையும் சுற்றுலாவும்: வட்டாரப் பணியில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கட்சி வேலையோ சங்க வேலையோ பார்ப்பவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்று தனியாக அமைவதில்லை. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் ஞாயிறும், போயா என்ற பௌர்ணமி விடுமுறையும்தான் கமிட்டி கூடுவதற்கு ஏற்ற நாட்கள். பிள்ளைகளை எங்காவது அழைத்துச் செல்வதற்கு உள்ளவையும் அதே நாட்கள்தான். இந்த நெருக்கடிக்கு நம்மில் பலர் கண்ட வழி, இரண்டையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடுவது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவையே.

மே தினம் இதற்கு நல்ல உதாரணம். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது, "முடிந்ததும் நுவரெலியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் பஸ் நிரம்பிவிடும். பல ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அப்படித்தான் நிரப்பினேன். கூட்டம் பிற்பகல் 4 மணி வரை நீண்டது. கிரகரி வாவியை நாங்கள் அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. படகில் ஏற்றுவேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்த பிள்ளைகள் பஸ் கண்ணாடி வழியாக வாவியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வாரம் தோட்டப் பாதை தொடர்பான மனுவில் கையொப்பம் வாங்க, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போனேன். அங்கே ஓர் அக்கா, "தம்பி, இதுவும் வாவிக்குப் போற பயணமா?" என்று கேட்டார். அவர் கையொப்பம் இட்டார். ஆனால் அந்தக் கேள்வி அந்த வரிசையில் இருந்த அனைவரின் காதிலும் விழுந்தது. கூட்டத்துக்கு வருகிறவர் கூட்டம் என்று தெரிந்தே வர வேண்டும், சுற்றுலாவுக்கு வருகிறவரிடம் ஒலிவாங்கியை நீட்டக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

நாட்காட்டியைப் பார்க்காமல் திகதி குறிப்பது அடுத்த தவறு. டிசம்பரில் பாடசாலை விடுமுறை வருகிறது. அம்மாதப் போயாவுடன் சிவனொளிபாதமலைப் பருவமும் தொடங்கி, வெசாக் போயா வரை நீடிக்கிறது. எனவே வேன் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை என்றே தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் பிரதேச சபையில் வாக்கெடுப்புக்கு வருவதும் ஆண்டு முடிவதற்கு முந்திய அந்த வாரங்களில்தான். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் பல சபைகளில் எந்தத் தரப்புக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அத்தகைய சபையில் ஓர் உறுப்பினர் சிவனொளிபாதமலை அடிவாரமான நல்லதண்ணியில் படி ஏறிக்கொண்டிருந்தால், அவருடைய வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்ட பணமும் அவரோடு சேர்ந்து மலையேறிவிடக்கூடும். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடையே 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துடன்தான் நீங்கியது. அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பெரும் சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை தனிச் சபைகளாக இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இவ்வளவு காலம் கேட்டுப் பெற்ற உரிமையை ஒரு வேன் முற்பணத்துக்காகக் கைவிடலாமா? சபையின் செயலாளரிடம் கூட்டத் திகதியை உறுதி செய்துகொண்ட பிறகு வேன்காரருடன் பேசினால் போதும்.

ஏப்ரலில் நிலைமை தலைகீழாகிறது. வசந்த காலத்துக்கு நாடே நுவரெலியாவுக்கு ஏறி வரும்போது, அந்த வீதிகளை ஒட்டிய வட்டாரங்களில் குப்பையும், குடிநீர்த் தட்டுப்பாடும், வாகன நெரிசலும் உள்ளூராட்சி உறுப்பினரின் வாசலுக்கே வந்து சேரும். அவ்வாரங்களில் உறுப்பினர் கடற்கரை தேடி இறங்கிவிட்டால், திரும்பி வந்தபின் அவர் சொல்லும் சமாதானம் எதுவும் எடுபடாது.

தேர்தல் காலத்துச் சுற்றுலாவைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை: வேண்டாம். வாக்கைக் கவரும் நோக்கத்தோடு உணவும் பானமும் கொடுத்து உபசரிப்பது தேர்தல் சட்டத்தின்படி ஊழல் செயல். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், முடிவுகள் வெளியிடப்பட்டு 21 நாட்களுக்குள் வேட்பாளர் தம் செலவுக் கணக்கைச் சமர்ப்பிக்கவும் வேண்டும். அதில் பஸ் வாடகையையும் சோற்றுப் பொதியையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பிறகு தடுமாற நேரும். பிரசாரம் ஓய்ந்த கடைசி 48 மணி நேரத்தில், "இது வெறும் குடும்பப் பயணம்" என்று ஆதரவாளர்களை ஏற்றிச் செல்வது இன்னும் மோசமானது.

பணத்தைப் பொறுத்தவரை ஒரே விதிதான். சுற்றுலாவுக்குச் சேரும் பணம் கோயில் கணக்கிலும் மரணாதாரச் சங்கக் கணக்கிலும் ஒரு நாள்கூடத் தங்கக்கூடாது. சபை வாகனத்தைக் கேட்கவே கூடாது.

தொலைபேசியை அணைத்துவிட்டுப் போவதும், அணைக்காமல் நாள் முழுவதும் காதில் வைத்திருப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறையின் ஓரத்தில் நின்றுகொண்டு தெரு விளக்கைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசியதைப் பார்த்திருக்கிறேன்; அவர் பேசி முடிப்பதற்குள் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. தெரு விளக்கு மறுநாள் வரை காத்திருக்கும். மண்சரிவு காத்திருக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை விடுத்திருந்தாலே பயணத்தைத் தள்ளி வைப்பது நல்லது. சிவப்பு என்றால் மக்களை வெளியேற்ற வேண்டிய கட்டம். மற்ற நாட்களில், கிராம உத்தியோகத்தருடன் தொடர்பில் இருக்கும் ஒருவரை லயத்தில் பொறுப்பாக வைத்து, அவருடைய பெயரை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். அவரது அழைப்பை மட்டும் எடுத்தால் போதும்.

திரும்பி வரும் பாதையில் நிகழும் தவறே எல்லாவற்றிலும் கொடியது. மறுநாள் காலையில் கூட்டம் வைத்திருப்பார்கள், அல்லது ஆட்கள் பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதிய) போயாக வேண்டும். அதனால் களைத்த சாரதியை இரவோடு இரவாக மலை வீதியில் ஓட்டச் சொல்வார்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்த பஸ்ஸில் இருந்தவர்கள் சுற்றுலா வந்திருந்த தங்காலை நகர சபை ஊழியர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும். 15 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு மே 11ஆம் திகதி அதிகாலையில், கொத்மலை கரண்டி எல்லப் பகுதியில் வீழ்ந்த பஸ்ஸில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகவே சுற்றுலாவுக்கு மறுநாள் காலையில் கூட்டம், மனு கையளிப்பு, சந்திப்பு எதையும் நாங்கள் இப்போது வைப்பதில்லை. இருட்டுவதற்கு முன் பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதைப் புறப்படும்போதே சாரதியிடம் சொல்லி, பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறோம்.