டெங்கு: காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

டெங்கில் நடக்கும் தவறுகளில் பாதி, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கணக்கு வைக்காததால் வருபவை. காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் காலண்டரிலேயே குறித்துவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனையே இந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. முதல் ஐந்து நாளுக்குள் எடுக்க வேண்டியது என்.எஸ்.1, அது வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. ஐ.ஜி.எம். என்பது வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் புரதம், அது தெரிய ஐந்து நாளாவது ஆகும். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து "டெங்கு இல்லை" என்பதும், எட்டாம் நாள் என்.எஸ்.1 எடுத்து நிம்மதியாவதும் ஒரே தப்புதான். வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனால் மற்ற மூன்றிடமிருந்து நிரந்தரப் பாதுகாப்பு கிடையாது. இரண்டாம் முறை வரும் டெங்குதான் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம்.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்: எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். 20 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. லேபிளைப் பார்க்காமல் மூடியில் ஊற்றாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு" என்று கேட்டு வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தக்கசிவைக் கூட்டும். இடுப்பில் ஊசியும் வேண்டாம், குத்திய இடத்தில் ரத்தம் கட்டும்.

பெரிய தவறு இனிமேல்தான். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். பிள்ளையைப் பள்ளிக்குக்கூட அனுப்பிவிடுவார்கள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தம் 100/80 என்றால் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 ஆகச் சுருங்கிவிட்டது. அது உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் (ஷாக்) தொடக்கம்.

வீட்டிலோ பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் மணிக்கொரு தரம் விசாரிப்பார்கள். அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. அல்லது ஹெமட்டோகிரிட் என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்வது, அதைப் பாருங்கள். 36 இருந்தது 44 ஆனால் ரத்தம் கெட்டிப்படுகிறது, நீர் வெளியேறுகிறது என்று பொருள். ரத்தக்கசிவு இல்லாதபோது பிளேட்லெட் குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் பயன் இல்லை. பப்பாளி இலைச்சாறு நீர்க்கசிவை நிறுத்தாது; வெறும் வயிற்றில் குடித்து வாந்தி எடுத்தால் உள்ளதும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பதைவிட உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். நல்லது. 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்கக் கூடாது, முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும்.

கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அந்தக் கட்டத்திலும் "இன்னொரு பாட்டில் டிரிப்ஸ் போடுங்க" என்று டாக்டரை நெருக்கினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரும்.

டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். நோயாளியைக் கடித்த கொசு, எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்து மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கும். ஆகவே காய்ச்சல்காரர் பகல் தூக்கத்திலும் கொசுவலைக்குள் இருக்க வேண்டும். தெருவில் அடிக்கும் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டை, குடத்தின் உள்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே நிரப்பினால் மறுபடி பொரிக்கும். வாரம் ஒருமுறை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டையும் சேர்த்து.